‘ஃபாதர் டெட்’ ஐரிஷா, பிரிட்டிஷா? ஆங்கில விக்கிப்பீடியாவின் சிட்காம் கட்டுரைகளில் கை வைக்கப்போகிறவர்களுக்கு

‘ஃபாதர் டெட்’ என்ற தொலைக்காட்சி சிட்காம் (சூழ்நிலை நகைச்சுவைத் தொடர்) பற்றிய ஆங்கில விக்கிப்பீடியா கட்டுரையைத் திறக்கிறீர்கள். எழுதிய கிரஹாம் லினஹனும் ஆர்தர் மேத்யூஸும் ஐரிஷ்காரர்கள். டெர்மட் மார்கன், ஆர்டல் ஓ’ஹான்லன், பாலின் மெக்லின், ஃப்ராங்க் கெல்லி என்று முக்கியமான நால்வரும் ஐரிஷ்காரர்கள். கதை நடப்பதோ அயர்லாந்தை ஒட்டிய ஒரு கற்பனைத் தீவில். முதல் வரியில் ‘ஐரிஷ் சிட்காம்’ என்று மாற்றிச் சேமிக்கிறீர்கள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் உங்கள் சொல்லைக் காணோம். கோபத்தில் மறுபடி போடுகிறீர்கள். மறுபடியும் காணோம்.

இந்த இடத்தில் புதியவர்கள் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ‘இவர்களோடு மல்லுக்கட்ட முடியாது’ என்று ஒரேயடியாகக் கிளம்பிவிடுவார்கள். இல்லையென்றால் நான்காவது முறையும் போட்டுத் தடை வாங்கிக்கொள்வார்கள். இரண்டுமே வீண். பிரிட்டிஷ் சிட்காம் கட்டுரைகளில் வரும் தகராறு பெரும்பாலும் ஒரு அடைமொழி, ஒரு எண், ஒரு தேதி என்ற அளவில்தான் இருக்கும். அடைமொழியை எடுத்துவிட்டு, அதைச் சொல்லத் தூண்டிய தகவலை அந்த இடத்தில் எழுதினால் பாதித் தகராறு அங்கேயே அடங்கிவிடும். மீதிக்குத்தான் விதிமுறைகள் தெரிந்திருக்க வேண்டும். இங்கே சொல்வதெல்லாம் ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைமுறை. தமிழ் உட்பட ஒவ்வொரு மொழி விக்கியும் தனக்கான விதியைத் தானே வகுத்துக்கொள்கிறது. ஆங்கில விக்கியில் படித்ததை மற்ற விக்கிகளுக்குக் கொண்டுபோய் வாதாடாதீர்கள்.

முதலில் வரலாறு

மற்றவர் திருத்தத்தைப் பழையபடி ஆக்கும் மீளமைப்புப் பொத்தானைத் தொடாமல், கட்டுரைக்கு மேலே இருக்கும் ‘வியூ ஹிஸ்டரி’யை அழுத்துங்கள். ஒவ்வொரு திருத்தமும் யார், எப்போது செய்தது, எத்தனை பைட் கூடியது அல்லது குறைந்தது என்று வரிசையாக இருக்கும். உங்கள் திருத்தத்தை நீக்கியவரின் வரியில் ஒரு சுருக்கக் குறிப்பு இருக்கும். பழையவர்கள் அதில் விதிகளின் சுருக்கெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். புதியவருக்கு அது திட்டுவது போலத் தெரியும்; பெரும்பாலும் அப்படி இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது கட்டுரைகளைக் கவனிக்கிறவர் நான்கு எழுத்தில் பதில் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். அந்த எழுத்துகளைத் தேடுபெட்டியில் இட்டால் விதிப் பக்கம் திறக்கும். முழுக்கப் படிக்க வேண்டாம், முதல் இரண்டு பத்தி போதும்.

அடுத்து, கட்டுரையின் மூல உரையைத் திறந்து பாருங்கள். தொகுக்கும்போது மட்டுமே தெரியும் மறைகுறிப்புகள் அங்கே இருக்கலாம்: ‘இந்த எண்ணை மாற்றுவதற்கு முன் உரையாடல் பக்கத்தைப் பார்க்கவும்’ என்பது போல. உச்சியில், பிரிட்டிஷ் ஆங்கிலம் பயன்படுத்தவும், தேதியை நாள்-மாதம்-ஆண்டு வரிசையில் எழுதவும் என்று இரண்டு வார்ப்புருக்கள் (இரட்டை அடைப்புக்குள் இடும் ஆயத்தக் குறிப்புகள்) இருக்கும். அவை சும்மா இல்லை. ‘கலர்’ என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலை அமெரிக்க வழக்கத்துக்கு மாற்றி முதல் அடி வாங்குகிறவர்கள் ஏராளம்.

மூன்றாவதாக, கட்டுரையைப் பற்றித் தொகுப்பவர்கள் விவாதிக்கும் உரையாடல் பக்கமும் அதன் பழைய தொகுப்புகளும். பிரபலமான தொடர்களுக்கு உரையாடல் பக்கம் நீண்டுபோய்விடும் என்பதால் பழைய பேச்சைத் தானியங்கி (தானாக இயங்கும் நிரல்) எடுத்துத் தனிப் பக்கங்களில் அடுக்கிவைக்கும். அங்கே தேடுவதற்குத் தனிப் பெட்டியே இருக்கிறது. ‘ஐரிஷ்’ என்று தேடிப் பாருங்கள். உங்கள் வாதத்தை உங்களுக்கு முன்பே யாரோ வைத்திருப்பார், அதற்குப் பதிலும் வந்திருக்கும். பழைய வாதத்தைத் தெரியாமல் திரும்ப வைப்பதைப் போல எதிர்த்தரப்பைச் சலிக்கவைப்பது வேறு எதுவும் இல்லை.

நாட்டுச் சண்டை

‘ஃபாதர் டெட்’ விஷயத்துக்கே வருவோம். தயாரித்தது ஹாட் ட்ரிக் புரொடக்‌ஷன்ஸ், லண்டன் நிறுவனம். ஒளிபரப்பியது சானல் 4. வெளிப்புறக் காட்சிகள் பெரும்பாலும் அயர்லாந்தின் கிளேர் கவுன்ட்டியில் எடுக்கப்பட்டன. வீட்டுக்குள் நடக்கும் காட்சிகள் லண்டன் ஸ்டுடியோவில், பார்வையாளர்கள் முன்னிலையில். ஆக, பணமும் அலைவரிசையும் பிரிட்டனுடையவை. பேனாவும் முகங்களும் அயர்லாந்தினுடையவை. ‘ஐரிஷ் சிட்காம்’ என்கிற பத்திரிகைக் கட்டுரைகளும் கிடைக்கும், ‘பிரிட்டிஷ் சிட்காம்’ என்கிற பட்டியல்களும் கிடைக்கும். இரண்டு தரப்பும் ஆதாரத்தோடு வந்து நின்றால் சண்டை முடியாது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வலது பக்கத்தில் விவரங்களை அடுக்கிக் காட்டும் பெட்டியான தகவற்சட்டத்தில் வரும் ‘நாடு’ என்ற வரியும் கட்டுரையின் முதல் வாக்கியமும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. தகவற்சட்டம் கேட்பது, தயாரிப்பு எந்த நாட்டினுடையது என்பதை. கதை எங்கே நடக்கிறது, கேமரா எங்கே நின்றது என்பது அங்கே கணக்கில்லை. முதல் வாக்கியம் கேட்பது, இது என்ன என்பதை. அதற்கு ஒற்றை அடைமொழியில் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. ‘ஐரிஷ் எழுத்தாளர்கள் இருவர் உருவாக்கி, பிரிட்டிஷ் நிறுவனமான ஹாட் ட்ரிக் பிரிட்டிஷ் அலைவரிசையான சானல் 4-க்காகத் தயாரித்த சிட்காம்’ என்று எழுதிவிடுங்கள். ‘சிட்காம்’ என்ற சொல்லுக்கு முன்னால் நாடே இல்லை. ஆனால் நாடு பற்றித் தெரிய வேண்டியது எல்லாம் வந்துவிட்டது. இந்த வாக்கியத்தில் எந்தச் சொல்லை நீக்குவது என்று எதிர்த்தரப்பைக் கேளுங்கள். சொல்ல முடியாது, ஏனென்றால் எல்லாமே சரிபார்க்கக்கூடிய தகவல்.

இதே முறை மனிதர்களுக்கும் பொருந்தும். ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ தொடரில் ரஞ்சித் சிங்காக வந்த ஆல்பர்ட் மோசஸ், இலங்கையின் கம்பளையில் பிறந்தவர், அறியப்பட்டது பிரிட்டனில். ‘இலங்கை நடிகர்’, ‘பிரிட்டிஷ் நடிகர்’ என்று மாறி மாறித் திருத்துவதைவிட, எங்கே பிறந்தார், எங்கே தொழில் செய்தார் என்று இரண்டு வாக்கியம் எழுதுவது ஐந்து நிமிட வேலை.

‘பிரிட்டிஷ்’ என்பதை ‘இங்கிலீஷ்’ என்று மாற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. பிபிசி ஐக்கிய இராச்சியம் முழுமைக்குமான ஒளிபரப்பு நிறுவனம். அதன் ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ தொடரில் வரும் ஓட்டல் இங்கிலாந்தின் டார்க்வேயில் இருப்பதாகக் கதை சொன்னாலும் தொடர் ‘பிரிட்டிஷ்’தான். இதில் வாதாட வேண்டாம், நேரம்தான் போகும்.

எத்தனை எபிசோட்?

எண் என்பதால் இதில் சண்டைக்கே இடமில்லை என்று தோன்றும். உண்மையில் எண்ணில்தான் அதிகச் சண்டை.

‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்’ 1981-இல் தொடங்கியது. வழக்கமான ஏழு தொடர்கள் (அமெரிக்க வழக்கில் ‘சீசன்’) 1991-ஓடு முடிந்தன. கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சிகள் 2003 வரை வந்தன. சிறப்பு நிகழ்ச்சிகளையும் சேர்த்து 64 என்பது பரவலான கணக்கு. ஆனால் அறக்கொடை திரட்டும் நிகழ்ச்சிகளான காமிக் ரிலீஃபுக்காக 1997-இல் எடுத்த சிறு காட்சியும், ஸ்போர்ட் ரிலீஃபுக்காக 2014-இல் எடுத்ததும் அதில் சேராது. டிவிடி பெட்டியை எண்ணிப் பார்த்துவிட்டு வருகிறவர் 64-ஐ ‘திருத்தி’விட்டுப் போவார். அடுத்த வாரம் இன்னொருவர் வேறு எண் போடுவார். யாரும் பொய் சொல்லவில்லை. எதை எபிசோட் என்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ இன்னும் தெளிவான உதாரணம். ஐடிவிக்காக லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷன் தயாரித்த மூன்று தொடர்கள் 1977 முதல் 1979 வரை வந்தன: 29 எபிசோட். 1986-இல் மறுபடி உயிர்கொடுத்து எடுத்தது 13. மொத்தம் 42. ‘29’ என்று எழுதியவரும் சரி, ‘42’ என்று எழுதியவரும் சரி. எண்ணுக்குப் பக்கத்திலேயே எண்ணிய விதத்தையும் எழுதாததுதான் தப்பு. ‘42 (1977–79-இல் 29, 1986-இல் 13)’ என்று போட்டுவிட்டால் அந்த வரியை யாரும் தொடமாட்டார்கள்.

‘ஃபாதர் டெட்’டுக்கு 25. மூன்று தொடர்களில் 24, கூடவே 1996 கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சி ஒன்று. 24 என்று மாற்ற வருகிறவர் எதை விட்டிருக்கிறார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

இங்கேயே ஒரு சொல் தகராறையும் முடித்துவிடுவோம். அமெரிக்காவில் ‘சீசன்’ என்பதை பிரிட்டனில் ‘சீரிஸ்’ என்பார்கள். பிரிட்டிஷ் தொடர்களுக்கு ‘சீரிஸ்’தான் எழுத வேண்டும், தகவற்சட்டத்தில் அதற்கென்று தனிப் புலமே இருக்கிறது. ஸ்ட்ரீமிங் தளம் ‘சீசன் 2’ என்று காட்டினால் அது அந்தத் தளத்தின் பட்டியல் முறை, ஆதாரம் ஆகாது. ‘இஸ்’, ‘வாஸ்’ விவகாரமும் இதே ரகம். தொடர் முடிந்து நாற்பது வருடம் ஆனாலும் முதல் வாக்கியத்தில் நிகழ்காலம்தான் வரும், ஏனென்றால் படைப்பு இன்னும் இருக்கிறது. ஒளிபரப்பானது என்பதற்கு மட்டும் இறந்தகாலம். புதியவர்களின் முதல் திருத்தம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். சில நிமிடத்தில் திரும்பிவிடும். வருத்தப்பட ஒன்றுமில்லை.

தேதியும் ஆதாரமும்

பிபிசி தொடர் என்றால் முதலில் போக வேண்டிய இடம் பிபிசி ஜீனோம். ‘ரேடியோ டைம்ஸ்’ இதழின் 1923 முதல் 2009 வரையிலான நிகழ்ச்சிப் பட்டியலை அப்படியே கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். தேதி, நேரம், நடிகர் பட்டியல் எல்லாம் கிடைக்கும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: இதழ் முன்கூட்டியே அச்சாவது. அதில் இருப்பது ஒளிபரப்பத் திட்டமிட்டது, ஒளிபரப்பானது அல்ல. கால்பந்து ஆட்டம் நீண்டுபோகலாம், வேலைநிறுத்தம் வரலாம். ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ இரண்டாம் தொடர் 1979 பிப்ரவரி 19-இல் தொடங்கியது. கடைசி எபிசோடான ‘பேஸில் தி ராட்’ வேலைநிறுத்தத்தால் தள்ளிப்போய் அக்டோபர் 25-இல்தான் வந்தது. ‘ஆறு எபிசோட், வாரத்துக்கு ஒன்று’ என்று கணக்குப் போட்டு அதற்கு ஒரு வசந்தகாலத் தேதியை எழுதிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ‘ஃபாதர் டெட்’ மூன்றாம் தொடரும் இப்படித்தான். கடைசி எபிசோட் பதிவான மறுநாள், 1998 பிப்ரவரி 28 அன்று, டெர்மட் மார்கன் இறந்துபோனார். மரியாதை நிமித்தம் தொடரை ஒரு வாரம் தள்ளி மார்ச் 13-இல் தொடங்கினார்கள். முன்பே அச்சான பட்டியலை மட்டும் நம்பினால் தேதி ஒரு வாரம் பிசகும்.

ஜீனோமில் சானல் 4, ஐடிவி கிடையாது. அவற்றுக்குப் பழைய நாளிதழ்களின் தொலைக்காட்சிப் பக்கம்தான் வழி. அந்தச் சேமிப்பகங்கள் பெரும்பாலும் காசு கேட்பவை. விக்கிப்பீடியா நூலகம் என்று ஒன்று இருக்கிறது; கணக்கு தொடங்கி ஆறு மாதம், மொத்தம் 500 திருத்தம், கடந்த ஒரு மாதத்தில் 10 திருத்தம், நடப்பில் தடை எதுவும் இல்லை என்றால் பல சேமிப்பகங்கள் இலவசமாகத் திறக்கும். அதுவரை உரையாடல் பக்கத்தில் கேட்டால் யாராவது எடுத்துக் கொடுப்பார்கள்.

எது செல்லாது என்பதையும் சொல்லிவிடுவோம். ஐஎம்டிபி என்ற திரைப்பட, தொலைக்காட்சித் தகவல் தளத்தில் தகவலைப் பயனர்களே ஏற்றுகிறார்கள், அதனால் ஏற்கமாட்டார்கள். ரசிகர் விக்கிகளுக்கும் அதே கதி. ‘டெய்லி மெயில்’ நாளிதழை ஆதாரமாகக் காட்டுவதை 2017-இலேயே ஒதுக்கிவிட்டார்கள். யூடியூபில் யாரோ ஏற்றிய துண்டுக்கு இணைப்புக் கொடுத்தால் பதிப்புரிமைச் சிக்கல் வேறு சேரும். கதைச்சுருக்கத்துக்கு மட்டும் தனி ஆதாரம் வேண்டாம், எபிசோடே ஆதாரம். ஆனால் அட்டவணையில் ஒரு எபிசோடுக்கு 200 சொல்லைத் தாண்டக் கூடாது. பிடித்த வசனங்களை எல்லாம் அதில் திணித்தால் வெட்டு நிச்சயம்.

இன்னொரு குழி இருக்கிறது, பழையவர்களே விழுவார்கள். கட்டுரையில் ஒருவர் ஆதாரமில்லாமல் ஒரு தகவலை எழுதுகிறார். இரண்டு வருடம் கழித்து ஒரு பத்திரிகையாளர் அதை எடுத்துத் தன் கட்டுரையில் போடுகிறார். பிறகு அந்தப் பத்திரிகைக் கட்டுரையே விக்கிக்கு ஆதாரமாகத் திரும்பி வருகிறது. பாம்பு தன் வாலைக் கடித்துக்கொண்ட கதை. இதைப் பிடிக்க ஒரே வழி, தேதியை ஒப்பிடுவது. வரலாறு பக்கத்தின் மேலே, ஒரு சொற்றொடர் எப்போது சேர்க்கப்பட்டது என்று தேடும் கருவி இருக்கும், விக்கிபிளேம் என்பார்கள். சர்ச்சைக்குரிய சொற்றொடரை அதில் இட்டால் அது நுழைந்த நாள் வரும். ஆதாரம் என்று காட்டப்படுவது அந்த நாளுக்குப் பிறகு வெளியானது என்றால் நம்புவதற்கு முன் யோசியுங்கள்.

புகழ்ச்சியும் வசையும்

‘எல்லாக் காலத்திலும் சிறந்த சிட்காம்’ என்று ஆதாரம் காட்டாமல் எழுதினால் அடுத்த நிமிடம் போய்விடும். ஆதாரம் காட்டினாலும் பிரச்சினை தீராது. 2000-இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட், துறை சார்ந்தவர்களைக் கேட்டுத் தயாரித்த நூறு சிறந்த பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பட்டியலில் ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ முதலிடம். 2004-இல் பிபிசி பொதுமக்களிடம் வாக்கெடுத்தபோது சிறந்த சிட்காமாக வந்தது ‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்’. ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ ஐந்தாமிடம். யார் சொன்னது, எந்த ஆண்டு, யாரைக் கேட்டார்கள் என்ற மூன்றையும் வாக்கியத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் இரண்டும் முரண்படாது. ‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்’ கட்டுரையில் ‘மிகவும் புகழ்பெற்றது’ என்பதற்குப் பதிலாக, ‘1996 டிசம்பர் 29 அன்று ஒளிபரப்பான எபிசோடை 2.43 கோடிப் பேர் பார்த்தார்கள்’ என்று எழுதுங்கள். எண் தானே பேசும்.

வசைக்கும் இதே முறைதான், கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு. லண்டனில் வெளிநாட்டவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் மாலை வகுப்புதான் ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’. ஒவ்வொரு மாணவரும் தன் நாட்டைப் பற்றிய கேலிச்சித்திரமாக வருவார். இதை ‘இனவெறித் தொடர்’ என்று ஒருவர் எழுதுவார். ‘வெறும் வேடிக்கை, எங்கள் நாட்டில் எல்லோரும் ரசித்தார்கள்’ என்று இன்னொருவர் அழிப்பார். இருவரும் தங்கள் கருத்தைத்தான் எழுதுகிறார்கள். விக்கிக்கு வேண்டியது நடந்தது: லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷனில் நிகழ்ச்சிப் பொறுப்பில் இருந்த மைக்கேல் கிரேட், தொடரில் இனங்களைச் சித்திரித்த விதம் புண்படுத்துகிறது என்று கருதி அதை நிறுத்தினார். இந்தத் தகவலை ஆதாரத்தோடு வையுங்கள். வெளிநாடுகளில் கிடைத்த வரவேற்புக்கு ஆதாரம் இருந்தால் அதையும் வையுங்கள். முடிவு வாசகருடையது.

அளவும் முக்கியம். 2020 ஜூனில் யுகேடிவி என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிறுவனம் ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ஸின் ‘தி ஜெர்மன்ஸ்’ எபிசோடைத் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டு, சில நாளில் எச்சரிக்கைக் குறிப்போடு திரும்ப வைத்தது. அப்போது செய்தி பெரிதாக இருந்ததால் அதைப் பற்றி எட்டுப் பத்தி எழுதத் தோன்றும். 1975-இல் தொடங்கி, மொத்தம் 12 எபிசோடே உள்ள ஒரு தொடரின் கட்டுரையில் சில நாள் சமாச்சாரத்துக்கு எட்டுப் பத்தி என்றால் தராசு சாய்ந்துவிடும். இரண்டு வாக்கியம் போதும். எல்லாமே உண்மை என்றாலும் இடம் அளவுக்கு மீறினால் நடுநிலை கெட்டது என்றே கொள்வார்கள்.

உயிரோடு இருக்கும் நடிகர், எழுத்தாளர் பற்றிய பாதகமான தகவல் என்றால் விதி வேறு. உறுதியான ஆதாரம் இல்லாவிட்டால் விவாதத்துக்குக் காத்திராமல் உடனே நீக்கலாம், நீக்குவார்கள். தொடரின் கட்டுரைக்குள் நடிகரின் சொந்த வாழ்க்கை வம்பைக் கொண்டுவராதீர்கள்.

நீக்கிவிட்டார்கள், இப்போது?

துணிந்து திருத்து, திருப்பினால் நிறுத்து, பிறகு பேசு. இது கட்டாய விதி அல்ல, வழக்கம். ஆனால் இதைப் பின்பற்றாதவரின் பக்கம் யாரும் நிற்பதில்லை. ஒருமுறை நீக்கப்பட்டதும் கட்டுரையை விட்டுவிட்டு உரையாடல் பக்கத்துக்குப் போங்கள். நீக்கியவரின் தனிப்பட்ட பேச்சுப் பக்கத்துக்கு அல்ல. கட்டுரையின் பேச்சுப் பக்கத்துக்கு. அங்கே எழுதினால்தான் மற்றவர்களும் பார்ப்பார்கள்.

தலைப்பில் ஆள் பெயரோ குற்றச்சாட்டோ வேண்டாம். ‘நியாயமில்லாத நீக்கம்’ என்று தலைப்பு வைத்தால் முதல் பதிலே தலைப்பைப் பற்றியதாக இருக்கும். எழுதுவது ஆங்கிலத்தில்தான் என்றாலும் வடிவம் இப்படி இருக்கட்டும்:

‘தலைப்பு: முதல் வாக்கியத்தில் நாடு. — நான் சேர்த்த “ஐரிஷ்” நீக்கப்பட்டிருக்கிறது. தயாரிப்பும் ஒளிபரப்பும் பிரிட்டனுடையவை என்பது காரணம் என்று புரிந்துகொள்கிறேன். எழுத்தாளர்கள் ஐரிஷ்காரர்கள் என்பது முதல் வாக்கியத்திலேயே வருவது நல்லது என்று நினைக்கிறேன். இப்போது இருக்கும் வாக்கியம் இது. நான் முன்வைக்கும் வாக்கியம் இது. ஆதாரம் இரண்டு, இணைப்பு கீழே. எந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை?’

எதிர்த்தரப்பின் காரணத்தை நீங்களே ஒழுங்காக எடுத்துச் சொல்லியிருக்கிறீர்கள், மாற்று வாக்கியம் கையில் கொடுத்திருக்கிறீர்கள், ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆமாம் அல்லது இல்லை என்று பதில் சொல்வது அவருக்கு எளிது. முடிவில் நான்கு அலைக்குறி (~~~~) போட்டால் பெயரும் நேரமும் தானாக விழும். அவருடைய பயனர் பெயருக்கு இணைப்புக் கொடுத்து, அதே சேமிப்பில் கையெழுத்தும் போட்டால்தான் அவருக்கு அறிவிப்புப் போகும். பின்னால் வந்து பெயரை மட்டும் சொருகினால் போகாது. பலர் பதில் வரவில்லை என்று குறைபட்டுக்கொள்வது இதனால்தான்.

ஒரு வாரம் பொறுங்கள். இதற்குக் கெடு எதுவும் விதியில் இல்லை, ஆனால் எல்லோருக்கும் வேலை இருக்கிறது. யாரும் வாயைத் திறக்கவில்லை என்றால், முன்வைத்த வாக்கியத்தைக் கட்டுரையில் சேர்த்து, சுருக்கக் குறிப்பில் ‘உரையாடல் பக்கத்தில் சொன்னபடி’ என்று எழுதுங்கள்.

மூன்று மீளமைப்பு விதி

ஒரே பக்கத்தில், 24 மணி நேரத்துக்குள், மூன்று முறைக்கு மேல் மற்றவர் திருத்தத்தை மீளமைத்தால் தடை வரும். இதைப் பலர் அரைகுறையாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரே சொல்லை மூன்று முறை என்று அர்த்தமில்லை. காலையில் எபிசோட் எண், மதியம் தேதி, மாலையில் நாடு என்று வேறு வேறு இடம் என்றாலும் கணக்கில் சேரும். பகுதி அளவு மீளமைத்தாலும் சேரும். மீளமைப்புப் பொத்தானை அழுத்தாமல் கையால் தட்டச்சு செய்து பழையபடி ஆக்கினாலும் சேரும். இடையில் வேறு யாரும் திருத்தாமல் நீங்கள் தொடர்ச்சியாகச் செய்தவை மட்டும் ஒன்றாகக் கொள்ளப்படும்.

மூன்று முறை என்பது உங்களுக்குத் தந்த ஒதுக்கீடு என்றும் நினைக்க வேண்டாம். 24 மணி நேரம் கழிந்து ஐந்து நிமிடத்தில் நான்காவதைச் செய்தால் நிருவாகிக்கு விஷயம் புரியாதா? இரண்டு முறையோடு நின்றவர்களும் தடை வாங்கியது உண்டு, தொகுத்தல் போர் என்ற காரணத்துக்காக. ‘நான் சொல்வது சரி’ என்பது விலக்கு அல்ல. விஷமத் திருத்தத்தை நீக்குவது விலக்குத்தான்; ஆனால் கட்டுரையில் கெட்ட வார்த்தை எழுதுவது போன்ற அப்பட்டமான நாசவேலைதான் விஷமம். உங்களோடு ஒத்துப்போகாமல் ‘பிரிட்டிஷ்’ என்று எழுதுவது விஷமம் ஆகாது. கணக்கிலிருந்து வெளியேறியோ இன்னொரு கணக்கிலோ வந்து திருத்துவது கைப்பாவை வேலை. அகப்பட்டுக்கொண்டால் அதற்கு மேல் நீங்கள் சொல்லும் நல்ல வாதத்துக்கும் மதிப்பிருக்காது.

இருவரும் இறங்கி வரவில்லை என்றால்

தகராறு சரியாக இரண்டு பேருக்கிடையில் மட்டும் என்றால் மூன்றாம் கருத்து கேட்கும் பக்கம் இருக்கிறது. ஒரு வரியில் விஷயத்தைப் பட்டியலில் போட்டால் சம்பந்தமில்லாத ஒருவர் வந்து பார்த்துச் சொல்வார். அவர் சொல் தீர்ப்பு அல்ல. ஆனால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். மூன்றாவது ஆள் ஏற்கெனவே நுழைந்துவிட்டால் இந்த வழி மூடிவிடும். அப்போது தொலைக்காட்சி விக்கித்திட்டத்தின் (தொலைக்காட்சிக் கட்டுரைகளைக் கவனிக்கும் தொகுப்பாளர் குழுவின்) பேச்சுப் பக்கத்தில் ‘இன்ன கட்டுரையில் இன்ன விவாதம் நடக்கிறது’ என்று மட்டும் எழுதுங்கள். ‘வந்து என் பக்கம் பேசுங்கள்’ என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் செய்தி அனுப்பினால் ஆள்சேர்ப்பு என்று பிடித்துக்கொள்வார்கள்.

அதுவும் ஆகவில்லை என்றால் பொதுக் கருத்துக் கோரல். வார்ப்புருவில் ஊடகம், கலைப் பிரிவைத் தேர்ந்து உரையாடல் பக்கத்தில் வைத்தால், தானியங்கி எடுத்துப் பொதுப் பட்டியலில் போடும். முதல் கையெழுத்து வரை இருப்பதைத்தான் தானியங்கி படியெடுக்கும். அதனால் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். உங்கள் வாதத்தை அதற்குக் கீழே தனியாக எழுதிக் கையெழுத்திடுங்கள். கேள்விக்குள்ளேயே வாதத்தை நுழைத்தால் விவாதம் உங்கள் கேள்வி நேர்மையானதா என்ற திசையில் போய்விடும். வழக்கமாக 30 நாள் ஓடும். எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று தலையை எண்ணுவதில்லை. யாருடைய வாதம் விதியிலும் ஆதாரத்திலும் நிற்கிறது என்று பார்த்து, சம்பந்தப்படாத ஒருவர் முடித்துவைப்பார். மத்தியஸ்தக் குழு என்ற பெரிய அமைப்புக்கு ஓட வேண்டாம்; அது ஆட்களின் நடத்தையைத்தான் விசாரிக்கும், ‘பிரிட்டிஷா ஐரிஷா’ என்று தீர்ப்புச் சொல்லாது.

முடிவு உங்களுக்கு எதிராக வந்தால் அடுத்த வாரமே அதே வாதத்தோடு வராதீர்கள். புதிய ஆதாரம் கிடைத்தால் வாருங்கள், அதற்குத் தடையில்லை.

உங்கள் பக்கம் வந்தால் வேலை இன்னும் இருக்கிறது. ஒரே தகவல் முதல் பத்தியில், தகவற்சட்டத்தில், தனியாக இருக்கும் எபிசோட் பட்டியல் கட்டுரையில் என்று மூன்று இடத்தில் இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால், பொருந்தாததைப் பார்த்த அடுத்த புதியவர் நல்லெண்ணத்தோடு பழையபடி ‘திருத்தி’விடுவார். மூன்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். கட்டுரையின் அடியில் வரும் பகுப்புகளையும் (வகைப் பட்டியல்) ஒரு பார்வை பாருங்கள். எண்ணுக்கோ சொல்லுக்கோ பக்கத்தில் ஒரு மறைகுறிப்பு வையுங்கள், சுருக்கக் குறிப்பில் முடிந்த விவாதத்தின் இணைப்பைக் கொடுங்கள். பேச்சைத் தானியங்கி பழைய தொகுப்புக்கு நகர்த்தியதும் இணைப்பு எங்கே போகிறது என்று ஒருமுறை சொடுக்கிப் பார்த்துவிடுவது நல்லது. நகர்ந்தபின் பழைய இணைப்பு வெறும் பக்கத்தின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், மறைகுறிப்பில் தொகுப்புப் பக்கத்தின் எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.